பெண்டிழந்தான் சுழி

சின்ன காஞ்சிபுரம்
12.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு, துளசி எழுதுவது. நான், உன் மாப்பிள்ளை, அத்தை மூவரும் நலம். அங்கே நீயும் தேவகி அண்ணியும் நலமாக இருக்கிறீர்களா? திருப்பூரில் சுகாசினியும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்?

கடிதம் என்றதும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதமாக உனக்குப் போன் அடித்து ஓய்ந்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. சுகாசினியின் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லையாம். குதிரையை ஏற்றி அனுப்பினாயே, அந்த லாரிச் சீட்டில் எழுதியிருந்த அந்தியூர் விலாசத்துக்கு இதைப் போடுகிறேன்.

சங்கதி குதிரையைப் பற்றியதுதான். முந்தாநாள் லாடம் அடிக்கக் கலியன் வந்தார். குதிரைக்குச் சின்னப்பொண்ணு என்று பேர் வைத்திருக்கிறோம், அது காலைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு சமர்த்தாக நின்றது. நாலு லாடமும் அடித்து முடித்துவிட்டு, வயிற்றுப்பட்டையைக் கழற்றித் தடவிக் கொடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடது விலாவில், பட்டைக்கு அடியில் மயிர் சுழித்திருக்கிற இடத்தை விரலால் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். நான் கொடுத்த டீயைப் பாதி குடித்து வைத்துவிட்டு உன் மாப்பிள்ளையைத் தெருமுனைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது இவர் முகத்தில் ரத்தமே இல்லை. பெண்டிழந்தான் சுழியாம். அது இருக்கிற குதிரையைக் கட்டி வைப்பவன் பெண்டாட்டியைப் பறிகொடுப்பானாம்.

எனக்குச் சுழியில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. உனக்கு உண்டு. முப்பது வருஷமாகக் குதிரைத் தரகு பண்ணுகிறவன், மயிரைப் பார்த்தே குதிரையின் ஜாதகம் சொல்கிறவன் நீ. என் அண்ணன் கண்ணுக்குத் தப்பி ஒரு சுழி இருக்காது என்று நான் இவரோடு சண்டை போட்டேன். நீ பார்த்துத்தானே அனுப்பினாய்? ஒரு வரி எழுதிப் போடு.

எனக்குக் கொஞ்ச நாளாக அசதி, வேறொன்றும் இல்லை. அண்ணியை ரொம்பக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு அவள் கையால் சேலை வாங்கி ஒரு வருஷம் ஆகிறது.

உன் தங்கை
துளசி

அந்தியூர்
29.1.2024

தங்கை துளசிக்கு ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் உன் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். நான் சுகமாக இருக்கிறேன். உன் அசதிக்கு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடு. பட்டினி கிடக்காதே.

போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் நீ கடிதம் போட்டதே நல்லதாயிற்று. போனில் பேசினால் நான் ஒன்று சொல்வேன், உன் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் கேட்டு வேறொன்று புரிந்துகொள்வார்.

கலியன் லாடத்துக்கு நல்ல கை. குளம்பைப் பற்றி அவன் சொன்னால் நானும் கேட்டுக்கொள்வேன். மயிரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? அந்தச் சுழியால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. இதை நான் சும்மா சொல்லவில்லை, தெரிந்துதான் சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் என் வார்த்தையாகச் சொல்.

குதிரைக்குத் தவிடு மட்டும் போடாதே, கொள்ளு வேகவைத்துப் போடு. மாசியில் முகூர்த்தம் வரிசையாக இருக்கும். சாரட்டு வண்டியில் பூட்டுமுன் ஒரு வாரம் நடக்க விடச் சொல்.

இப்படிக்கு
வீரபத்திரன்

சின்ன காஞ்சிபுரம்
18.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு, துளசி. உன் கடிதம் கிடைத்தது. நீ சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அண்ணி எப்படி இருக்கிறாள் என்று எழுதவே இல்லையே.

உன் வார்த்தையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை. கலியன் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் எங்களோடு போயிருக்கும். அவர் நல்லது செய்வதாக நினைத்து நாலு பேரிடம் சொல்லிவிட்டார். போன முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நம் குதிரைதான். அலங்காரம் முடித்து மண்டபத்து வாசலில் நிறுத்தியிருக்கிறோம். பெண்ணின் தாய்மாமன் வந்து சேணத்தைத் தூக்கிப் பார்த்தார். "மாப்பிள்ளை ஏறுற குதிரைல இந்தச் சுழியா? ஏன்பா, எங்க பொண்ணு நல்லா இருக்கவேணாமா?" என்றார். மாப்பிள்ளை ஒரு புல்லட்டில் ஏறி ஊர்வலம் போனான். நாங்கள் ஜிகினாத் துணியோடு குதிரையை நடத்திக்கொண்டு வந்தோம். அதற்குப் பிறகு ஐந்து கல்யாணக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணக் குதிரைக்கு வரக்கூடாத சுழி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இன்னொன்று. நீ பயப்படக்கூடாது. என் அசதிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கர்ப்பப்பையில் கட்டிகள். எட்டு மாதமாக உதிரம் போய்க்கொண்டிருந்ததை வயசுக்கோளாறு என்று விட்டுவிட்டேன். உடம்பில் ரத்தம் ஏழுதான் இருக்கிறதாம். ரத்தம் ஏற்றி, பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். தள்ளிப்போடாதே என்றும் சொன்னார். "அதுல இன்னா விளைஞ்சிது, எடுத்துப் போட்டா போவுது" என்று அத்தை சொன்னாள். இருபது வருஷமாகக் கேட்ட பேச்சு, இப்போது உறைக்கவில்லை.

இவர்தான் ஒப்பவில்லை. ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் சுழி பலிக்க ஆரம்பித்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டார். "குதிர வெளிய போவட்டும், அப்புறம் கையெழுத்துப் போடறேன். அது ஊட்ல இருக்கசொல்லோ உன்னைக் கத்திக்கு அடியில படுக்க வெக்க மாட்டேன்" என்கிறார். என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்தால் பத்து நாளாவது ஒருத்தி கூட இருக்க வேண்டும். எனக்கு அண்ணியை விட்டால் யார்? அவளை அனுப்பி வை. வருகிறாள் என்று எழுது, அந்தத் தைரியத்தில் இவரிடம் பேசிப் பார்க்கிறேன்.

துளசி

அந்தியூர்
10.3.2024

தங்கைக்கு ஆசீர்வாதம். உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வெளியூர்ச் சந்தைக்குப் போய்விட்டேன், அதனால் பதில் தாமதம்.

குதிரைக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்? குதிரை வந்து நாலு மாதம். கட்டி அதற்கு முன்பே இருந்தது. இதை மாப்பிள்ளையிடம் கணக்குப் போட்டுக் காட்டு. முதலில் ஆபரேஷன், பிறகு குதிரை.

அப்படியும் மனசு கேட்காவிட்டால் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. இந்தச் சுழி உள்ள குதிரையைப் பெண்டாட்டி இல்லாதவன் வாங்கலாம். இழப்பதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை, சுழி அவனைத் தொடாது. சந்தையில் இப்படி விற்பதை நானே பார்த்திருக்கிறேன். விலை பாதிதான் வரும்.

தேவகிக்கு முழங்காலில் வலி. பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியுமா தெரியவில்லை. பார்க்கலாம்.

வீரபத்திரன்

சின்ன காஞ்சிபுரம்
27.3.2024

அன்புள்ள அண்ணா, நலம். அண்ணியின் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துவிடு. நீயே தேய்த்துவிடு, அவளைத் தேய்த்துக்கொள்ளச் சொல்லாதே.

நீ சொன்ன வழியைப் பிடித்துக்கொண்டு உன் மாப்பிள்ளை பத்து நாளாகப் பெண்டாட்டி இல்லாதவர்களைத் தேடி அலைகிறார். கல்யாணத் தரகர் தோற்றார். முதலில் வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் வந்தார். பெண்டாட்டி போய் மூன்று வருஷம், மீசைக்கு மை, சட்டையில் சென்ட். குதிரையை வாயைப் பிளந்து பார்த்தார், ஓட விட்டுப் பார்த்தார், துண்டைப் போட்டு மூடிக்கொண்டு இவர் விரலைப் பிடித்து விலையும் பேசினார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, வருகிற வைகாசியில் அவருக்கு இரண்டாம் கல்யாணம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். இவர் வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது நம் தென்னேரிக் கந்தன். உனக்குத் தெரிந்திருக்கும், ஏரிக்கரையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். "இனிமே எனக்கு எவ வரப்போறா, நான் கட்டிக்கறேன்" என்று சந்தோஷமாகக் கயிற்றைப் பிடித்தார். மறுநாள் அவருடைய மருமகள் வந்து நின்றாள். மாமனாருக்குப் பெண்டாட்டி இல்லை, ஆனால் அவர் பிள்ளைக்குத் தான் இருக்கிறேன் என்றாள். அதுவும் நியாயம்தான். வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பினேன்.

வெளியூரில் தெரியாத ஆள் தலையில் கட்டிவிடலாம், பட்டைக்கு அடியில் இருப்பதை எவன் பார்க்கப்போகிறான் என்று அத்தை யோசனை சொன்னாள். இவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "இன்னொருத்தன் பொண்டாட்டிமா அது" என்றார். இருபது வருஷக் குடித்தனத்தில் இவர்மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு. அன்றைக்கு எல்லாம் போய்விட்டது.

சின்னப்பொண்ணுக்கு இப்போது வேலை இல்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்குக் காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. நான் பக்கத்தில் போகக்கூடாது என்று அத்தை உத்தரவு. ஆனால் கொள்ளு வேகவைப்பதும் சாணி வாருவதும் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு கூடை வாரினால் மூச்சு வாங்குகிறது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து உட்கார்ந்து வாருகிறேன். அது என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். இதுவா என்னைக் கொல்லப்போகிறது?

அண்ணி வருவாளா? அதை மட்டும் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக எழுது.

துளசி

அந்தியூர்
16.4.2024

துளசிக்கு ஆசீர்வாதம். சித்திரை பிறந்திருக்கிறது, எல்லாம் நல்லபடியாக நடக்கும். இத்துடன் இரும்புச்சத்து டானிக் பெயர் ஒன்று எழுதியிருக்கிறேன், டாக்டரம்மாவிடம் கேட்டுக் குடி. நீ சாணி வாராதே. ஆள் வைத்துக்கொள்.

குதிரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறான். பெண்டாட்டி இல்லாதவன். மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள், வீட்டில் வேறு யாரும் கிடையாது. கொஞ்சம் தயங்குகிறான். பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீரபத்திரன்

சின்ன காஞ்சிபுரம்
6.5.2024

அண்ணாவுக்கு.

நலமா என்று கேட்டு எழுத எனக்குத் தெம்பில்லை. போன வியாழக்கிழமை காலை கொட்டகையில் மயங்கி விழுந்துவிட்டேன், குதிரையின் காலடியிலேயே. எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. சின்னப்பொண்ணு ஒரு காலைக்கூட நகர்த்தாமல் நின்றிருக்கிறது. நகர்த்தியிருந்தால் என் மேல்தான் மிதித்திருக்கும். நான் அப்படிச் சொல்கிறேன். ஆனால் பால் வாங்கிக்கொண்டு வந்த உன் மாப்பிள்ளை பார்த்தது வேறு. கீழே நான், என் தலைக்கு மேல் அது. தூக்கிவாரிப் போட்டு, வீட்டில் ஒரு குச்சி விடாமல் எடுத்து அதை அடித்தார். அது அடியை வாங்கிக்கொண்டு நின்றது. பிறகு இவர் தொட்டிமேல் உட்கார்ந்து அழுதார்.

இப்போது குதிரையை ரோட்டு ஓரப் புளியமரத்தில் கட்டியிருக்கிறார். கேரளா லாரிக்காரன் ஒருவனிடம் பேசியாயிற்று. அவன் எதற்கு வாங்குவான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கிலோ கணக்குக்கு எந்தச் சுழியும் தெரியாது. வரதர் கருடசேவைக் கூட்டம் கலைந்ததும் இருபத்தி நாலாம் தேதி லாரி வருகிறது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஆஸ்பத்திரி. ரத்தம் இப்போது ஆறு.

நாலு மாதமாகக் கேட்கிறேன். நீ பார்த்துத்தானே அனுப்பினாய்? கெடுதல் வராது, தெரிந்துதான் சொல்கிறேன் என்று எழுதினாயே, எப்படித் தெரியும்? யாரோ ஒரு ஆள் தயங்குகிறான் என்றாயே, அவன் யார்? ஒவ்வொரு கடிதத்திலும் அண்ணியைக் கேட்கிறேன். முழங்கால் வலி என்று ஒரே ஒரு வரி. அவள் என்னோடு ஏதாவது கோபமா? உன் கடிதங்களை வரிசையாக வைத்து நேற்று படித்தேன். குதிரையை விற்கும் தரகனின் பேச்சு மாதிரியே இருக்கிறது. நான் வாங்க வந்தவள் இல்லை, அண்ணா. நிஜமாக ஒரு வரி எழுது.

துளசி

அந்தியூர்
11.5.2024

அன்புத் தங்கை துளசிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. கூரியரில் இதைப் போடுகிறேன், அதனால் சுருக்கமாக எழுத நினைத்தேன். முடியவில்லை.

போன் நன்றாகத்தான் இருக்கிறது. நீ கூப்பிடும்போதெல்லாம் எடுத்து உன் பெயரைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். எடுத்தால் இரண்டாவது வார்த்தையாக அண்ணியிடம் கொடு என்பாய். கொடுப்பதற்கு அவள் இங்கே இல்லை. போன புரட்டாசியில் போய்விட்டாள். சுகாசினி வீட்டில் இருக்கிறாள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நான் ஒரு சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தேன். வீடு பெருக்கி, அரிசிப் பானையை மூடி, சாவியைப் பக்கத்து வீட்டில் எஸ்தரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சுகாசினி போனில் கூப்பிட்டேன். "எனக்கு அலுத்துப்போச்சி, விட்டுடு" என்றாள். இரண்டாம் தடவை கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய பெண்டாட்டி சொல்லாமல் போய்விட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? உன்னிடம் சொல்லத்தான் ரொம்ப வெட்கமாக இருந்தது.

இனிக் குதிரை. போன ஆடியில் நம் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கினேன். சுழியைப் பார்த்தேன், துளசி. பட்டையைத் தூக்கியதுமே பார்த்துவிட்டேன். விற்றவனுக்கும் தெரியும். துண்டுக்குள் பாதி விலைக்கு விரலை மடக்கினேன், அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அப்படி ஒரு வெள்ளைக் குதிரை அந்த விலைக்கு இனி கிடைக்காது என்று ஆசை. கொட்டகையில் கொண்டுவந்து கட்டினேன். ஐம்பது நாள். தேவகி போய்விட்டாள்.

தரகர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரு சட்டம் இருக்கிறது. சுழி ஒரு வீட்டில் பலித்துவிட்டால் அதோடு அதன் வேகம் தீர்ந்தது, பிறகு அது வெறும் மயிர்தான். என் வீட்டில் பலித்துவிட்டது. அதனால் இனி யாருக்கும் கெடுதல் இல்லாத குதிரை என்று நம்பித்தான் உனக்கு அனுப்பினேன். என் கண்முன் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. உன் மாப்பிள்ளைக்கு நல்ல குதிரை ஒன்று வேண்டியிருந்தது. இவ்வளவுதான். கலியன் சொன்னபோதே, பலித்துத் தீர்ந்த சுழி என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். யார் வீட்டில் பலித்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். நீ அங்கே உதிரம் போய்க் கிடந்திருக்கிறாய். என்னை மன்னிக்க வேண்டாம். கொஞ்ச நாள் திட்டு, அதுதான் எனக்கு நல்லது.

தயங்குகிற ஆள் நான்தான். பெண்டாட்டி இல்லாதவன். பதினேழாம் தேதி துண்டோடு வருகிறேன். மாப்பிள்ளையிடம் விலை பேசி நானே வாங்கிக்கொள்கிறேன். லாரிக்காரனை வரவேண்டாம் என்று சொல்லச் சொல். குதிரை என் பெயரில், உன் கொட்டகையில் நிற்கட்டும், சுழி சொந்தக்காரனைத்தான் பார்க்கும். பெண்டாட்டி இல்லாதவன் குதிரை என்று தெரிந்தால் கல்யாணக்காரர்களும் ஒன்றும் சொல்ல முடியாது. நீ டாக்டரம்மாவிடம் தேதி வாங்கு.

சுகாசினியின் புது நம்பர் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

உன் அண்ணன்
வீரபத்திரன்

சின்ன காஞ்சிபுரம்
30.6.2024

அன்புள்ள அண்ணா, துளசி எழுதுவது. ஆபரேஷன் முடிந்து இருபத்தாறு நாள். தையல் ஆறிவிட்டது. ரத்தம் பத்துக்கு ஏறியிருக்கிறது. குனியக்கூடாது, தூக்கக்கூடாது. மற்றபடி சுகம். நீ நலமா? தனியாகச் சமைக்கிறாயா, கடையில் சாப்பிடுகிறாயா?

நீ வந்துபோன அன்று இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. வாசலில் அத்தை, கலியன், நாலு பேர் பார்க்கத் துண்டை விரித்துப் போட்டு நீங்கள் கை கோத்ததும் நான் உள்ளே போய்விட்டேன். எத்தனை விரல் என்று இவர் இன்றுவரைக்கும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். "உங்க அண்ணன் துண்டுக்குள்ள என் கையைக் கெட்டியா புடிச்சிக்கினாரு, உடவே இல்ல. நான் வெலையே பேசல. சும்மா புடிச்சிக்கினு இருந்தேன்" என்றார். மறுநாளே என்னோடு வந்து கையெழுத்துப் போட்டார்.

வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் உன் குதிரைக்கு இரண்டு கல்யாணம் கிடைத்தது. சேணத்தைத் தூக்கிப் பார்த்த ஒருவரிடம் கலியனே போய், "ஓனருக்குப் பொண்டாட்டி இல்ல சார், பயப்படாதீங்க" என்று சொன்னாராம். உன் சங்கதி இப்போது காஞ்சிபுரம் முழுக்கத் தெரியும். வெட்கப்பட இனி ஒன்றும் பாக்கி இல்லை, நிம்மதியாக இரு.

இனிச் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சுகாசினி நம்பருக்குப் பேசினேன். அண்ணி எடுத்தாள். மறுநாளே பஸ் ஏறி வந்து ஒன்பது நாள் என்னோடு இருந்தாள். முழங்காலில் ஒரு வலியும் இல்லை. உனக்குச் சொல்லக்கூடாது என்றாள், ஊருக்குப் போகும்வரை சொல்லாமல் இருந்தேன்.

சுழி பலித்ததைப் பற்றி நீ எழுதியதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். கொட்டகைக்குப் போய்ச் சின்னப்பொண்ணின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "பாவம், இது இன்னா பண்ணுச்சி? இது வந்தப்புறந்தான் அந்த ஊட்ல பேசறதுக்கு ஒரு ஜீவன் இருந்துச்சி. வருஷத்துல எட்டு மாசம் சந்தையில இருக்கறவரு, மிச்சம் நாலு மாசம் சந்தையப் பத்திப் பேசறவரு. நான் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? உங்க அண்ணனுக்குக் குதிர மேல இருக்கற சுழி பூரா தெரியும். என் நெத்தியில நாலு தையல் போட்ட தழும்பு இருக்குது. அது எந்தப் பக்கம்னு கேட்டு எழுது துளசி."

கேட்டு எழுதுகிறேன். எந்தப் பக்கம், அண்ணா?

ஒரு விஷயத்தை மறந்துவிடாதே. அண்ணி திரும்பி வந்தால் நீ இந்தக் குதிரையை வைத்துக்கொள்ள முடியாது, விற்றாக வேண்டும். அந்த நஷ்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

துளசி

சின்ன காஞ்சிபுரம்
24.7.2024

அன்புள்ள அண்ணா, நலம். உன் நலம் தெரியவில்லை. என் கடிதம் கிடைத்ததா? நான் எழுதியது உறுத்தியிருந்தால் அதையாவது எழுது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, உன் குதிரை தின்றுவிட்டுச் சும்மா நிற்கிறது. நேற்று ரத்தம் பார்த்தேன், பதினொன்று. நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

துளசி

அந்தியூர்
5.8.2024

அன்புத் தங்கை துளசிக்கு அண்ணன் ஆசீர்வாதம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. ரத்தம் ஏறியது கேட்டு மனசு ஆறுதல். மாப்பிள்ளைக்கும் உன் அத்தைக்கும் என் வணக்கம். கலியனையும் கேட்டதாகச் சொல்.

உனக்கு நாலு தடவை பதில் எழுதினேன். முதலில் வலது பக்கம் என்று எழுதினேன். அடித்துவிட்டு இடது என்று எழுதினேன். நடுவில் இருக்குமோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. கல்யாணமான மறுவருஷம், என் குதிரை ஒன்று மிரண்டு கயிற்றை இழுத்ததில் கொட்டகைக் கம்பம் அவள் நெற்றியில் இடித்தது. அதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் ஊரில் இல்லை. திரும்பி வந்ததும் குதிரைக்கு அடிபட்டதா என்று கேட்டேனாம். அது எனக்கு ஞாபகம் இல்லை, சுகாசினி சின்ன வயசில் அம்மா சொன்னதாக ஒரு தடவை சொன்னாள்.

கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அது அடிபடுவதற்கு முந்தியது. சுகாசினி கல்யாணப் போட்டோவில் தேவகி பூவும் முடியும் மறைக்க நிற்கிறாள். எஸ்தரம்மாவைக் கேட்டேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சின்னப்பொண்ணின் உடம்பில் ஒன்பது சுழி. நெற்றியில் ஒன்று, கழுத்தில் இரண்டு, மார்பில் இரண்டு, விலாவில் ஒன்று, தொடைக்கு ஒன்றாக இரண்டு, வாலடியில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இருபது வருஷத்துக்கு முன் விற்ற குதிரைகளுக்கும் சொல்வேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

தெரியவில்லை, துளசி. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் இதை நீ சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வாரம் இங்கே சந்தை. வாசலைத் தாண்டிக் குதிரைகள் போய்க்கொண்டே இருக்கின்றன. மூன்று பேர் வந்து கூப்பிட்டார்கள், ஒரு குதிரைக்குச் சுழி பார்க்க வேண்டுமாம். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்தில் நான் போகாத முதல் சந்தை இதுதான். நாளைக் காலை ஐந்தரை மணி பஸ்ஸில் திருப்பூர் போகிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போகவில்லை. கூப்பிடவும் எனக்கு வாய் இல்லை. நெற்றியைப் பார்த்துவிட்டு வரப் போகிறேன்.

உன் அண்ணன்
வீரபத்திரன்